ஆயிரத்துப் பத்து கிராம்

ஜனவரி 6

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே இருவரும் சுகம். நீயும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? அண்ணிக்கு முட்டி வலி குறைந்ததா? கடையில் கூட்டமா, இல்லை ஸ்க்ரூ டிரைவரைக் காதில் செருகிக்கொண்டு ஈ ஓட்டுகிறாயா?

என்னடா இவள் திடீரென்று கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். என் போன் சரியில்லை. அதில் எதுவும் அனுப்பாதே, கூப்பிடவும் வேண்டாம். பதிலைப் பல் கிளினிக் முகவரிக்கு எழுது. இங்கே தபாலைப் பிரிப்பது நான்தான்.

எனக்கு ஒரு லேப்டாப் வேண்டும், ஒல்லியாக. உன் கடையில் ஒரே கம்பெனியின் ஒல்லி லேப்டாப்பில் மூன்று வருஷப் பழைய மாடல் ஒன்றும், போன மாசம் வந்த புது மாடல் ஒன்றும் இருப்பதாக அண்ணி முன்பு சொன்னார். இரண்டில் எது? இதற்கெல்லாம் பதில் எழுது. கனம் எத்தனை கிராம்? 'லேசுதான்' என்று எழுதாதே, எண் வேண்டும். ஓடும்போது சத்தம் வருமா? போன் ஒயரிலேயே சார்ஜ் ஏறுமா, இல்லை செங்கல் மாதிரி தனி சார்ஜர் தொங்குமா? கேமராவில் முகம் தெளிவாகத் தெரியுமா?

நான் தினமும் பையில் வைத்துக்கொண்டு போகும் அகராதியைக் கிளினிக்கில் பார்சல் தராசில் நிறுத்துப் பார்த்தேன். ஆயிரத்துப் பத்து கிராம். அதற்கு மேல் போகக் கூடாது.

சீக்கிரம் எழுது.

உன் தங்கச்சி


ஜனவரி 17

என் வாயாடிக்கு,

நாங்கள் நலம். அண்ணியின் முட்டிதான் எங்கள் வீட்டில் வானிலை அறிக்கை; நாளை மழையாம். மாப்பிள்ளை சுகமா? அவர் மாதிரி குரலே உயர்த்தாத மனுஷனை நான் பார்த்ததில்லை என்று இங்கே இன்னும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவன் என்ற பெருமை எனக்கு.

லேப்டாப் வாங்க வருகிறவர்கள் வேகம் கேட்பார்கள், படம் பார்க்கலாமா என்று கேட்பார்கள். கிராம் கணக்குக் கேட்ட முதல் ஆள் நீதான். தக்காளியா வாங்குகிறாய்?

சரி, கேள். பழசு 1,340 கிராம். புதுசு 980. பழசில் விசிறி உண்டு, புதுசில் இல்லை. பழசுக்குத் தனி சார்ஜர், புதுசுக்குப் போன் ஒயரே போதும். கேமரா புதுசில்தான் நன்றாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உள்ளே எல்லாவற்றையும் பசை போட்டு ஒட்டித் தொலைத்திருக்கிறான்கள். ஒன்று போனால் மொத்தமும் போச்சு. பழசின் சாவிகளோ ஆழமாக இறங்கும், அழுத்தினால் அழுத்தியது விரலுக்குத் தெரியும். என் கையாலேயே பேட்டரி மாற்றி, தூசி தட்டி, புதுப்பெண் மாதிரி ஆக்கிவிட்டேன். முந்நூற்று முப்பது கிராம் கூடினால் கை ஒடிந்துவிடாது. அண்ணன் சொல்வதைக் கேள்.

பழசையே கிளினிக்குக்குப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். உன் பெயரையும் வீட்டு முகவரியையும் கடைப் பதிவில் ஏற்றியாயிற்று. என்ன செய்யப் போகிறாய் அதை வைத்துக்கொண்டு? சொல்லவே இல்லையே.

அண்ணன்


பிப்ரவரி 5

அண்ணா,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

லேப்டாப்பைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே, அழகான மெஷின்தான். ஒரு காலையில் இவர் நடக்கப் போன நாற்பது நிமிஷத்தில் வீட்டு வைஃபையில் போட்டும் பார்த்தேன். சாவிகள் நீ சொன்ன மாதிரியே இருந்தன.

ஆனால் மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் என் பையை எடுத்துக் கொடுத்தவர், "என்ன இன்னைக்கு இவ்வளவு கனம்?" என்றார். டாக்டரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டிய பழைய பத்திரிகைகள் என்றேன். "ஓ" என்றார். சாயந்தரம் திரும்பி வந்து அதைத் துணிகளுக்கு அடியில் வைத்தேன். ஆறரை மணிக்கு அலமாரிக்குள் விசிறி தானாகச் சுற்ற ஆரம்பித்தது. நீ ஏதாவது நேரம் வைத்திருந்தாயா? அவர் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, "ஏதோ இரையுதே?" என்றார். நான் ஓடிப்போய் வாஷிங் மெஷினைப் போட்டேன். உள்ளே ஒரே ஒரு துண்டு. அந்த ஒரு துண்டு ஒரு மணி நேரம் துவைந்தது. சிரிக்காதே.

கிளினிக்கிலேயே வைக்கலாமே என்று கேட்பாய். இங்கே பூட்டும் சாவியும் டாக்டரிடம். டாக்டரும் இவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள்.

புதுசை அனுப்ப முடியுமா?

தங்கச்சி


பிப்ரவரி 14

அன்புத் தங்கச்சிக்கு,

நலம் என்று எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

ஆறரை மணி வைத்தது நான்தான். கடையை விட்டுப் போகும் எல்லா மெஷினையும் தினமும் ஆறரைக்குத் தானாக விழித்துச் சரிபார்த்துக்கொள்ளும்படி வைப்பது என் வழக்கம். அலமாரிக்குள் இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

உன் கடிதத்தைப் படித்து முதலில் சிரித்தேன். துண்டு துவைந்த இடத்தில் ரொம்பவே சிரித்தேன். அண்ணியிடம் வாசித்துக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை படிங்க" என்றாள். படித்தேன். "உங்க தங்கச்சி எதையோ சொல்லாம விடுறா" என்றாள். மூன்றாம் தடவை தனியாகப் படித்தேன்.

புதுசை இன்று அனுப்புகிறேன். எந்த நேரமும் வைக்கவில்லை, ஒலியையும் அடைத்துவிட்டேன். மூடினால் செத்த மாதிரி கிடக்கும்.

நேராகக் கேட்கிறேன், நேராகப் பதில் சொல். அவர் ஏன் உன் பையைத் தூக்கிப் பார்க்கிறார்?

அண்ணன்


மார்ச் 3

அன்புள்ள அண்ணா,

இரண்டு வாரமாகப் பதில் இல்லையே என்று தவித்திருப்பாய். நாலு தடவை எழுதிக் கிழித்தேன். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, அதைப் பற்றிக் கவலைப்படாதே. அண்ணிக்கு என் அன்பு. அவர் சரியாகத்தான் படித்திருக்கிறார்.

இவர் பையைத் தூக்கிப் பார்ப்பதில்லை. எடுத்துக் கொடுக்கிறார். தினமும், வாசலில், சிரித்துக்கொண்டே. பார்க்கிறவர்கள் கொடுத்துவைத்தவள் என்பார்கள். சாப்பிட்டு முடித்ததும் என் போனை வாங்கி, பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் படிப்பார். "நமக்குள்ள என்ன ஒளிவு மறைவு?" என்பார். அடிபட்ட வண்டிகளைப் பார்த்து இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை எழுதும் வேலை அவருக்கு. கீறலைப் பார்த்தே எந்தப் பக்கத்திலிருந்து இடித்தது என்று சொல்லிவிடுவார். வீட்டிலும் அதே கண்தான்.

குரலை உயர்த்த மாட்டார், நீ சொன்னது உண்மை. கோபம் வந்தால் பேசமாட்டார், அவ்வளவுதான். நவம்பரில் பத்தொன்பது நாள் பேசவில்லை. ஆறு மணிக்கு வர வேண்டியவள் ஆறே காலுக்கு வந்தேன், அதற்கு. டிசம்பர் கடைசியில் ஒருநாள் உன்னோடு போனில் சிரித்துச் சிரித்துப் பேசினேனே, மறுநாள் "உங்க அண்ணன்கிட்ட வர்ற சிரிப்பு என்கிட்ட வரலையே" என்றார். அன்றிலிருந்துதான் என் போன் சரியில்லை.

இப்போது விஷயம். நோயாளிகளின் கோப்பைப் படித்து, எந்த நோய்க்கு எந்த எண் என்று குறியீடு போடும் படிப்பு ஒன்று இருக்கிறது. இணையத்திலேயே படித்துவிடலாம். டிசம்பரில் சேர்ந்தேன். பாடத்தைக் கிளினிக் கம்ப்யூட்டரில் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதில் கேமரா இல்லை. பரீட்சை ஏப்ரல் 18. இரண்டு மணி நேரம் கேமராவுக்கு முன்னால் உட்கார வேண்டும். தேறினால் வேறு ஊரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை, தங்குவதற்கு ஹாஸ்டல். தேறாவிட்டால் அடுத்த பரீட்சை ஒரு வருஷம் கழித்து. இன்னொரு வருஷம் என்னால் முடியாது அண்ணா.

புதுசு வந்தது. பைக்கு அடியில் ஒரு உறை தைத்து, அகராதியை எடுத்துவிட்டு இதை வைத்தேன். மறுநாள் பையை எடுத்துக் கொடுத்தார். எதுவும் கேட்கவில்லை. கிளினிக் கழிவறையில் போய் உட்கார்ந்து அழுதேன்.

தங்கச்சி


மார்ச் 26
(அச்சிட்ட அட்டை, வீட்டு முகவரிக்கு)

மதிப்பிற்குரிய வாடிக்கையாளருக்கு வணக்கம்.

எங்கள் கடையிலிருந்து தங்கள் வீட்டுக்கு வந்த லேப்டாப்புக்கு இன்று நாற்பதாம் நாள். அது நலமா? சூடாகிறதா? சாவிகள் ஒட்டுகின்றனவா? எந்தக் குறையானாலும் கொண்டு வாருங்கள். ஒருமுறை இலவசமாகத் துடைத்துத் தருகிறோம்.

தங்கள் குடும்பத்தாரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

(கடைக்காரர் கையெழுத்து)


மார்ச் 30

அன்பு மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு இருவரும் நலம். தாங்களும் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நேற்று தங்கள் கடையிலிருந்து ஓர் அட்டை வந்தது. எங்கள் வீட்டில் ஒரு லேப்டாப் நாற்பது நாளாக இருப்பதாக எழுதியிருக்கிறது. என் கண்ணில் அப்படி எதுவும் படவில்லை. என் கண்ணில் படாதது இந்த வீட்டில் அதிகம் இருக்க முடியாது என்பது தங்களுக்குத் தெரியும்.

உங்கள் தங்கையிடம் இதைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்டால் பதறுவாள். அவளைப் பதற வைப்பது எனக்குப் பிடிக்காது. அதனால் முதலில் தங்களிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். விவரமாக எழுதினால் நல்லது.

அன்புடன்,
மாப்பிள்ளை


ஏப்ரல் 2

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம், நலமறிய ஆவல். அட்டையைப் பார்த்துக் குழம்பிப்போயிருப்பீர்கள். தப்பு முழுக்க என் மேல்தான், அடிக்க வேண்டுமானால் என்னை அடியுங்கள்.

அது உங்களுக்கான பரிசு. ஜூலையில் உங்கள் பிறந்த நாளுக்கு ஆச்சரியமாகக் கொடுக்க வேண்டும் என்று ஜனவரியிலேயே தங்கச்சி என்னிடம் சொல்லிவைத்தாள். அறிக்கை எழுதுகிறவருக்கு ஆழமான சாவி உள்ள பழைய மாடல்தான் சரி என்று நான்தான் தேர்ந்தெடுத்தேன். எங்கள் பதிவில் அது போய்ச் சேர்ந்ததாக ஏறிவிட்டது, மெஷினோ என் மேஜை மேல் உட்கார்ந்திருக்கிறது. அட்டை மட்டும் முந்திக்கொண்டு ஓடிவிட்டது.

குட்டு உடைந்த பிறகு எதற்கு மூடிவைப்பது? இன்றைய பார்சலில் அனுப்புகிறேன். நான் சொல்லிவிட்டதாக மட்டும் அவளிடம் காட்டிக்கொள்ளாதீர்கள். பாவம், ஆசையாக இருந்தாள்.

அன்புடன்,
மச்சான்


ஏப்ரல் 2

தங்கச்சி,

நலம் விசாரிக்க நேரமில்லை. கிளினிக்குக்கு அவசரத் தபாலில் அனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடு.

நாற்பதாம் நாள் அட்டை உன் வீட்டுக்குப் போய்விட்டது. கம்ப்யூட்டர் முகவரி அடித்துத் தரும், நான் கையெழுத்துப் போடுவேன். அன்றைக்குப் பதினேழு அட்டை. எந்த முகவரியையும் பார்க்காமல் பதினேழிலும் கிறுக்கித் தள்ளினேன். ஊரில் எந்தக் கடையும் செய்யாததை நான் செய்கிறேன் என்று பீற்றிக்கொண்டேனே, அதற்கு இது வேண்டும்.

அவர் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அது அவருக்கு நீ சொல்லிவைத்த பிறந்த நாள் பரிசு என்று பதில் எழுதி, பழசை அவருக்கே அனுப்புகிறேன். நீ அதைத்தான் சொல்ல வேண்டும். புதுசை எங்கேயும் வெளியே எடுக்காதே.

இந்தக் கடிதம் பார்சலுக்கு முன்னால் உன் கைக்கு வர வேண்டும். வந்ததா என்று தெரிந்துகொள்ளக்கூட எனக்கு வழியில்லை. அந்த மனுஷனை நல்லவர் நல்லவர் என்று உன் தலையில் கட்டியவன் நான். என்னை மன்னிப்பாயோ மாட்டாயோ, பரீட்சையை மட்டும் எழுதிவிடு.

அண்ணன்


ஏப்ரல் 19

அன்புள்ள அண்ணனுக்கு,

நன்றாக இருக்கிறேன். இதை முதலில் எழுதிவிட்டேன், இனி மூச்சு விடு. அண்ணியையும் விடச் சொல்.

உன் கடிதம் ஐந்தாம் தேதி வந்தது. பார்சல் நாலாம் தேதியே வந்துவிட்டது.

வேலையிலிருந்து வந்தால் முன்னறை மேஜையில் உன் பழைய மெஷின் திறந்திருக்கிறது. அவர் பக்கத்தில் கைகட்டி உட்கார்ந்து என் முகத்தைப் பார்க்கிறார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் திருப்பி அனுப்பியது எப்படி இங்கே வந்தது? "உங்க அண்ணன் அனுப்பியிருக்கார்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. பார்சல் தாளில் அவர் பெயர் இருந்ததைப் பார்த்தேன். வாயில் வந்ததைக் கேட்டேன்: "பிடிச்சிருக்கா?" "பிறந்த நாளுக்கு இன்னும் மூணு மாசம் இருக்கே?" என்றார். "அதுவரைக்கும் பொறுக்க முடியல" என்றேன். அப்புறம்தான் சிரித்தார்.

நீ எனக்கு இரண்டு மெஷினும் கொடுத்தாய் அண்ணா. அந்தப் பழசின் சாவிகளை அவர் டக் டக்கென்று தட்டும் சத்தம் சமையலறை வரைக்கும் கேட்கும். தட்டிக்கொண்டே இருக்கும்வரை நான் உள்ளே புதுசைத் திறந்து படிப்பேன். சத்தம் நின்றால் மூடிவிடுவேன். இரண்டு வாரம் அப்படித்தான் படித்தேன்.

நேற்றுப் பரீட்சை. டாக்டர் மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை சாப்பிட வீட்டுக்குப் போவார். எக்ஸ்ரே அறையில் உட்கார்ந்தேன். கேமராவை விட்டு முகத்தைத் திருப்பக் கூடாது, வாய் திறக்கக் கூடாது. செய்தால் பரீட்சை ரத்து. இரண்டு மணிக்கே டாக்டர் திரும்பிவிட்டார். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். நான் பதில் சொல்லவில்லை. கதவு வரைக்கும் வந்துவிட்டார். ஆனால் உட்காருவதற்கு முன்பே வாசலில் சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தேன். சிவப்பு எரிந்தால் யாரும் திறக்கக் கூடாது என்பது டாக்டரே போட்ட சட்டம். வெளியே செருப்புச் சத்தம் ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தது. கடைசி முப்பத்தொரு கேள்விகளை அந்தச் சத்தத்தோடுதான் எழுதினேன். வெளியே வந்ததும், எக்ஸ்ரே மெஷினைச் சோதித்துப் பார்த்தேன், உள்ளே ஒன்றும் கேட்காது என்று சொன்னேன். நம்பினாரா என்று தெரியவில்லை. இவரிடம் சொல்வாரா என்றும் தெரியவில்லை.

முடிவு மே பத்தாம் தேதி. தேறினால் பதினெட்டாம் தேதி திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். இனி எழுதாதே. அங்கே போய்ச் சேரும்வரை நானும் எழுத மாட்டேன்.

தங்கச்சி


மே 21

அன்பு மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் அக்காவும் நலமாக இருப்பீர்கள்.

உங்கள் தங்கை திங்கட்கிழமை காலை வழக்கம்போல் வேலைக்குக் கிளம்பினாள். கிளினிக்குக்குப் போகவில்லை. வீட்டுக்கும் திரும்பவில்லை. போன் மேஜை மேல் இருக்கிறது. நான் யாரிடமும் சத்தம் போடவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. குடும்ப விஷயம் குடும்பத்தோடு இருக்கட்டும்.

தாங்கள் அனுப்பிய லேப்டாப்பை நேற்று நிதானமாகப் பார்த்தேன். ஏப்ரலில் வந்த மெஷினில் எங்கள் வீட்டு வைஃபையின் பெயர் பிப்ரவரி மாசத் தேதியோடு பதிவாகியிருக்கிறது. அழித்துவிட்டு அனுப்பத் தங்களுக்குத் தோன்றவில்லை போலும். பொய் சொல்லும் வண்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், மச்சான்.

அவள் எங்கே என்று மட்டும் எழுதுங்கள். நான் வந்து அழைத்துக்கொள்கிறேன். நடந்ததைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

மாப்பிள்ளை


மே 25

மாப்பிள்ளைக்கு,

நீங்கள் ஒரு வார்த்தை பேசமாட்டீர்கள் என்பதை நான் நம்புகிறேன். எத்தனை நாளைக்குப் பேசமாட்டீர்கள் என்பதுதான் கேள்வி.

ஆமாம், பொய் சொன்னேன். ஏப்ரலில் சொன்னது முழுக்கப் பொய். மெஷினைத் துடைக்காமல் அனுப்பியதும் என் தப்புதான், இருபது வருஷத் தொழிலில் அப்படிச் செய்ததில்லை. அன்றைக்குப் பயந்திருந்தேன். இப்போது பயமில்லை, அதனால் உண்மையை எழுதுகிறேன்.

என் தங்கை இருக்கும் இடம் எனக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்ல மாட்டேன். அவள் படித்தாள், தேறினாள், சொந்தக் காலில் போய் நின்றுவிட்டாள். அதை யாரும் அவளுக்குக் கொடுக்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. நான் அவளுக்குச் செய்தது உங்களைக் கொண்டுவந்து நிறுத்தியது ஒன்றுதான். அது என் வாழ்நாளுக்கும் போதும்.

இனி அவளைப் பற்றி எதைக் கேட்பதானாலும் என்னைத்தான் கேட்க வேண்டும். கடிதம் எழுதிக் கஷ்டப்படாதீர்கள், நேரில் வாருங்கள். கடை காலை ஒன்பது மணிக்குத் திறக்கும். நான் இருப்பேன்.

அவள் அண்ணன்